மதிலோரக் கோனோகார்பஸை எடுத்து நாட்டு மரம் வைத்த வேலை: ஒரு பதிவு

கோனோகார்பஸ் மரத்தை வெட்டுவது அரை நாள் வேலை. வெட்டிய தூர் திரும்பத் துளிர்க்காமல் பட்டுப்போக ஆறேழு மாதம் ஆகும். இந்தக் கணக்கு தெரியாமல் வெட்டியவர்கள் வீட்டில் அடுத்த ஆண்டே ஒரு மரம் இருந்த இடத்தில் எட்டுப் பத்துக் கிளை கிளம்பி, முன்பைவிட அடர்ந்து நிற்கும். அதனால் இந்தப் பதிவில் தூருக்கும் வேருக்கும்தான் அதிக இடம்.

வேலை நடந்த இடம் சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. பக்கத்து மதில் 40 அடி நீளம். அதை ஒட்டி 5 அடிக்கு ஒன்றாக 8 மரம், கேட் மூலையில் தனியாக 3 மரம், ஆக 11. நட்டு ஆறு ஆண்டு ஆனவை, 25 அடி உயரம், இடுப்பளவில் சுற்றளவு இரண்டு அடி. மதிலோர மரங்கள் சுவரிலிருந்து ஒன்றரை அடிதான் தள்ளி இருந்தன. மூலை மரங்களுக்குச் சுற்றிலும் ஐந்து அடி இடம் இருந்தது. இந்த இடைவெளி முக்கியம். எதைப் பிடுங்கலாம், எதை இருந்த இடத்திலேயே சாகவிட வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பரவலாக நடப்பட்டது சோமாலியா, ஜிபூட்டி, ஏமன் பகுதிகளைச் சேர்ந்த இனம். நம் மருது, தான்றி, கடுக்காய் எல்லாம் இதற்குக் குடும்பத்து உறவு. வறண்ட ஊரில் ஓடை ஓரம் வளர்ந்த மரம் என்பதால் ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வேரை ஓட்டிப் பிழைக்கும். வீட்டு மனையில் ஈரம் இருக்கும் இடங்கள் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய். குஜராத் அரசு 2023இல் இதை நடத் தடை விதித்தபோது சொன்ன காரணங்களில் குழாய்களையும் கேபிள்களையும் வேர் கெடுப்பது ஒன்று, பூக்கும் காலத்தில் மகரந்தத்தால் சளி, ஆஸ்துமா, ஒவ்வாமை வருவது இன்னொன்று. 2025இல் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. ஆனால் தடை புதிதாக நடுவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே நிற்பதை வீட்டுக்காரர்தான் எடுக்க வேண்டும்.

அடையாளம் எளிது. ஈட்டி முனை போன்ற ஒடுங்கிய இலை, மேல்பக்கம் பளபளப்பு, கிளையில் மாறி மாறி இருக்கும். கிளை நுனியில் பச்சையாகச் சின்னச் சின்ன உருண்டைக் காய்கள் கொத்தாக இருக்கும். முற்றினால் பழுப்பாகி, கையில் தேய்த்தால் செதில் செதிலாக உதிரும்.

வெட்டும் காலம் மாசிக் கடைசி அல்லது பங்குனி. அப்போது வெட்டினால் நான்கு மாத வெயில் நம் பக்கம் இருக்கும். ஐப்பசி மழைக்குள் தூர் சோர்ந்துவிடும், புதுக் கன்று மழையோடு வேர் பிடிக்கும். மழைக்காலத்தில் வெட்டினால் இரண்டு வாரத்தில் துளிர் வந்து, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மேற்கு மாவட்டங்களில் ஆடி, ஆவணியிலேயே நடவேண்டி வரும் என்பதால் வெட்டுவதைத் தை மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

வெட்டும் நாளுக்கு முன் மூன்று காரியம். கிளைகளில் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த மரத்தை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடலாம், அதனால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, இணைப்பை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். மதிலுக்கு வெளியே சாலையோரம் நிற்கும் மரம் நம்முடையது அல்ல, அதை உள்ளாட்சியிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். மலைப்பகுதியாக இருந்தால் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி தேவைப்படும்.

இரண்டு ஆள், ஒரு செயின்சா, கை ரம்பம், கோடாலி, கடப்பாரை, தடித்த நைலான் கயிறு 60 அடி. மேலிருந்து கீழாகக் கிளை கிளையாக இறக்க வேண்டும். கனமான கிளைக்கு முதல் வெட்டு அடிப்பக்கம், கால் பங்கு ஆழம். பிறகு இரண்டு அங்குலம் தள்ளி மேலிருந்து வெட்டினால் கிளை சுத்தமாக விழும். அடிவெட்டுப் போடாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை பாதியில் முறிந்து, பட்டையோடு கிழிந்து, ஏணியில் நிற்பவர் பக்கம் ஊசலாடி வரும். மர வேலையில் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூலையில் இருந்த மூன்றையும் வேரோடு எடுத்தோம். இதற்கு அடிமரத்தைத் தரையோடு வெட்டிவிடக் கூடாது, நான்கு அடி உயரம் விட வேண்டும். அதுதான் நெம்புகோல். சுற்றிலும் இரண்டரை அடி ஆரத்தில் இரண்டு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, முதல் நாள் மாலை தண்ணீர் நிரப்பிவிட்டால் காலையில் மண் குழைந்திருக்கும். தென்படும் பக்கவேர்களைக் கோடாலியால் துண்டித்து, கயிற்றை அடிமரத்தின் உச்சியில் கட்டி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் நடுவேர் தளரும். மூன்று மரத்துக்கு இரண்டு ஆளுக்கு ஒன்றரை நாள். ஜேசிபி வந்தால் அரை மணி நேரம்தான், ஆனால் அது இழுக்கும்போது வேரோடு என்னென்ன குழாய் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

மதிலோரம் இருந்த எட்டைப் பிடுங்கவே கூடாது. ஒன்றரை அடி தள்ளியிருக்கும் மரத்தின் வேர் மதில் அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருக்கும். இழுத்தால் மண்ணோடு கல்லும் அசையும், மதில் அன்று நின்றுவிட்டு அடுத்த மழையில் சாயும். இவற்றைத் தரைமட்டத்தில் அறுத்து, இருந்த இடத்திலேயே பட்டினி போட்டுச் சாகடிக்க வேண்டும்.

முறை இதுதான். தூரைச் சுற்றி அரை அடி ஆழம் மண்ணை எடுத்து, தரைக்குக் கீழே வேர் பிரியும் இடம் வரை பட்டையை உரிக்க வேண்டும். வெட்டிய அன்றே உரித்தால் பட்டை வாழைநார் போலக் கழன்று வரும், ஒரு வாரம் கழித்து உரித்தால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பட்டை போனதும் கட்டை வெளிறி, ஈரமாக, தொட்டால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புத்தான் மரத்தின் உயிர்ப்படலம். அரிவாளின் பின்பக்கத்தாலோ கரண்டியாலோ அது சொரசொரப்பாகும் வரை சுரண்ட வேண்டும். வேர்களுக்கு இடையில் உள்ள மடிப்பில் இரண்டு விரல் அகலம் பட்டை விடுபட்டாலும் போதும், அங்கிருந்துதான் முதல் துளிர் கிளம்பும். எட்டுத் தூரில் மூன்றில் அப்படித்தான் நடந்தது. மூன்றுமே கை நுழையாத மதில் பக்கத்து மடிப்பு.

சுரண்டிய தூரின் மேல் கருப்பு பாலித்தீன் தாள், 200 மைக்ரான் தடிமன், இரண்டு மடிப்பாகப் போட்டு, ஓரத்தை மண்ணால் மூட வேண்டும். மெல்லிய குப்பைப் பை வெயிலில் இரண்டு மாதத்தில் பொடியாகிவிடும். 15 நாளுக்கு ஒருமுறை தாளைத் தூக்கிப் பார்த்து, வந்த துளிரைக் கையால் ஒடித்து எடுக்க வேண்டும். அரிவாளால் சீவினால் அடிமொட்டு தங்கிவிடும், பக்கத்தில் இரண்டாகத் துளிர்க்கும். துளிர் நாலு இலை விடுவதற்குள் எடுத்தால் வேரில் சேர்த்து வைத்த சத்து செலவாகுமே தவிர வரவாகாது. ஒரு மாதம் பார்க்காமல் விட்டால் இலை முற்றி, வேருக்குத் தீனி போய்விடும், செய்த வேலை வீண். இந்த எட்டில் ஐந்து, ஆவணிக்குள் நின்றுவிட்டன. இன்னும் இரண்டு தூர், புரட்டாசி வரை இழுத்தன. மீதி ஒன்றைப் பற்றிக் கடைசியில்.

உப்பு கொட்டலாமா, மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உப்பு தூரைக் கொல்லுமுன் மண்ணைக் கெடுக்கும், அஸ்திவாரத்துக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் கிணற்று நீரில் இறங்கும். துளை போட்டுப் பெருங்காயம் வைப்பது ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம். கோனோகார்பஸ் அந்தத் துளையைச் சுற்றிச் சதை வளர்த்து மூடிக்கொண்டு நன்றாக நிற்கும். கிளைபோசேட் களைக்கொல்லியை 2022 அக்டோபர் முதல் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்பது மத்திய அரசு விதி, வீட்டுக்காரர் தாமே வாங்கி அடிக்கக் கூடாது. பத்துத் தூருக்கு அது தேவையும் இல்லை. பட்டை உரித்து, இருட்டடித்து, துளிர் ஒடித்தாலே போதும்.

வெட்டிய கிளைகளை ஈர மண்ணில் போட்டு வைக்காதீர்கள். நர்சரிகள் இதைக் குச்சி நட்டுத்தான் பெருக்குகின்றன. விரல் பருமன் கிளை ஈரத்தில் கிடந்தால் வேர் விடும். சிமென்ட் தரையிலோ மொட்டை மாடியிலோ மூன்று வாரம் காயப்போட்டு, ஒடித்தால் பட்டென்று முறியும் பதம் வந்த பிறகு விறகாகவோ, செடியைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்காகவோ பயன்படுத்தலாம். விறகு நன்றாக எரியும்.

இனி குழாய். மரம் போய்விட்டது என்று இதை விட்டுவிடக் கூடாது. மதிலோரம் போன நாலு அங்குலக் கழிவுநீர்க் குழாயை மேன்ஹோல் பக்கம் திறந்தபோது, இணைப்பில் நூல் பருமனில் ஒரு வேர்தான் நுழைந்திருந்தது. உள்ளே போனதும் அது ஆயிரமாகப் பிரிந்து, குழாய் வட்டத்தை அப்படியே அச்செடுத்தது போல நிரப்பியிருந்தது. கம்பிக் கொக்கியால் இழுத்தபோது மூன்று அடி நீளத்துக்குக் குதிரை வால் போல, கருஞ்சிவப்பாக, சேறு சொட்டச் சொட்ட ஒரே துண்டாக வந்தது. பழைய சிமென்ட் பூச்சு இணைப்பு என்பதால் பத்து அடி நீளத்துக்குப் பழைய குழாயை எடுத்துவிட்டு, பசை போட்டு ஒட்டும் பிவிசி குழாய் போட வேண்டியிருந்தது. சம்ப்பை வற்ற வைத்து உள்சுவரையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூலையில் மயிரிழை போல வேர் தொங்கினால் அதை அறுத்துவிட்டு மேலே பூசினால் நிற்காது. விரிசலை ஓர் அங்குல ஆழம் கொத்தி எடுத்து, நீர்க்கசிவு தடுக்கும் கலவை கலந்த சிமென்ட் சாந்தால் அடைக்க வேண்டும். தூர் முழுதாகப் பட்டுப்போன பிறகு இதைச் செய்தால் ஒரே முறையில் முடியும்.

எதை வைப்பது? கோனோகார்பஸை எதற்காக வைத்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மறைப்பு வேண்டும், தூசி தடுக்க வேண்டும், ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், சீக்கிரம் வளர வேண்டும். இது எல்லாம் ஒரே நாட்டு மரத்தில் கிடைக்காது. வேகமான புதரும் நிதானமான சிறு மரமும் கலந்து வைத்தால் கிடைக்கும்.

தூர்கள் 5 அடி இடைவெளியில் இருந்ததால் இரண்டு தூருக்கு நடுவில் குழி எடுத்தோம். பழைய வேர் மக்கும் இடத்தில் நேராக வைத்தால் மண் உள்வாங்கிக் கன்று சாயும், கரையானும் அங்கேதான் முதலில் வரும். மதிலின் ஒரு முனையிலிருந்து 5, 15, 25, 35ஆவது அடிகளில் நொச்சி. 10இல் மஞ்சள் மந்தாரை, 20இல் குருந்து, 30இல் பவளமல்லி. இவற்றுக்கு முன்னால், மதிலிலிருந்து நாலு அடி தள்ளி, ஆடாதோடை 3, வெட்சி 3. கேட் மூலையில் மூன்று மரம் இருந்த இடத்துக்கு ஒரே ஒரு சரக்கொன்றை, வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி.

நொச்சியும் ஆடாதோடையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விரல் பருமன், ஒரு அடி நீளக் குச்சி, மூன்று கணு இருந்தால் போதும், இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். முதல் ஆண்டு முடிவில் நொச்சி ஆள் உயரம் வந்து மதிலுக்கு மேல் தலை காட்டும். குருந்து மிக மெதுவாக வளரும், மூன்று ஆண்டு பொறுமை வேண்டும். ஆனால் காயா, வீரா போன்ற மரங்களோடு நம் கிழக்குக் கடற்கரைக் காடுகளில் வளர்வது என்பதால் இந்த மண்ணும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். எலுமிச்சைக் குடும்பம், இலையைக் கசக்கினால் அதே வாசம். என் கணக்கில் சிறிய மனைக்கு இதைவிட நல்ல மரம் இல்லை, நர்சரிகளில் கேட்டுக் கேட்டுத்தான் இதை வரவழைக்க வேண்டும்.

நாட்டு மரம் என்பதற்காக எதையும் வைத்துவிட முடியாது. அரசு, ஆல், அத்தி மூன்றும் நம் மரங்கள்தான், மதிலோரம் வைத்தால் கோனோகார்பஸ் செய்ததைவிட மோசமாகப் பிளக்கும். பூவரசும் புங்கனும் தளம் போட்ட முற்றத்தைத் தூக்கும், 15 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். நம் மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கொடுக்காப்புளி மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்தது, குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து.

நர்சரியில் ஏமாறும் இடம் சரக்கொன்றை. நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் மஞ்சள் கொன்றையின் கன்றை அதே பெயரில் விற்பதுண்டு. இலையைப் பாருங்கள். சரக்கொன்றையில் ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைதான், ஒவ்வொன்றும் உள்ளங்கை போல நீளமாக, அகலமாக இருக்கும். மஞ்சள் கொன்றையில் எட்டு முதல் பதினைந்து ஜோடி, ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு மேல் போகாது. பூத்த மரத்தில் சந்தேகமே வராது. ஒன்றில் பூச்சரம் கீழே தொங்கும், மற்றதில் மேல்நோக்கி நிற்கும். கன்று இரண்டு, மூன்று அடி உயரத்தில் 8 அங்குலப் பையில் இருப்பது நல்லது. சின்னப் பையில் ஆறடி வளர்ந்து நிற்பதை வாங்கினால் வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும். பையைக் கிழித்ததும் சுற்றிய வேரைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் நீளவாக்கில் கீறி விட வேண்டும்.

குழி அளவு: மூன்று சிறு மரங்களுக்கு இரண்டடிக் கன சதுரம், சரக்கொன்றைக்கு மூன்றடி, புதர்களுக்கு ஒன்றரை அடி. மதிலோரக் குழிகளை ஒரே நாளில் எல்லாம் திறந்து போடாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து மூடுவது மதிலுக்குப் பாதுகாப்பு. எடுத்த மண்ணில் செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, டைல்ஸ் சில்லு கண்டிப்பாக வரும், பொறுக்கி எறிய வேண்டும். அதே மண்ணில் நாலில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்தால் போதும். இரண்டடிக் குழிக்கு 2 கன அடி, அதாவது சிமென்ட் சாக்கில் ஒன்றரைச் சாக்கு. மொத்த வேலைக்கும் 17 சாக்கு ஆனது. குழிக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கரையானுக்காக. குழி முழுவதும் உரமாக நிரப்பினால் வேர் குழியை விட்டு வெளியே போகாது, தொட்டிச் செடி மாதிரி ஆகிவிடும். பவளமல்லிக்கு மட்டும் அரை அடி மேடாக்கி நட வேண்டும், வேரில் நீர் தேங்கினால் ஒரே மழையில் அழுகும்.

நட்ட பின் சுற்றி மூன்றடி வட்டப்பாத்தி, மூன்று அங்குலம் மூடாக்கு, தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி. மழை நின்ற பிறகு முதல் கோடையில் மரத்துக்கு வாரம் இரண்டு முறை 20 லிட்டர், புதருக்கு 10 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது வேரை மேலேயே நிறுத்திவிடும். முட்டுக்குச்சியில் கயிற்றுநாரால் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும்.

சரக்கொன்றையில் ஒரு நாள் இலையே இல்லாமல் பச்சைப் புழு மொய்க்கும். மருந்து அடிக்க வேண்டாம். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் மரம் அது. இரண்டு மூன்று வாரத்தில் புது இலை வந்துவிடும். நட்டு முதல் ஆறு மாதத்துக்குள், தண்டு பென்சில் பருமன்கூட இல்லாதபோது வந்தால் மட்டும் பாதிப் புழுவைப் பக்கத்துக் கொன்றைக்கு மாற்றிவிடலாம்.

உங்கள் வீட்டில் இருப்பது கோனோகார்பஸாக இல்லாமல் சவுண்டலோ (சூபாபுல்) டெக்கோமாவோ (மஞ்சள் மணிப்பூச் செடி) என்றால் தூரைவிட விதைதான் தலைவலி. காய் பழுப்பாகி வெடிக்கும் முன் வெட்ட வேண்டும். அப்படியும் சவுண்டலின் பழைய விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். ஒரு சாண் உயரத்தில் ஈர மண்ணிலிருந்து இரண்டு விரலால் உருவினால் ஆணிவேரோடு வரும். இரண்டு மாதம் விட்டால் கடப்பாரை எடுக்க வேண்டும். உண்ணிச்செடிக்கு வேறு வழி: மண்ணுக்குக் கீழே மூன்று நாலு விரல் ஆழத்தில் தாய்வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் திரும்ப வேர் பிடிக்காது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு காடுகளில் கையாண்ட முறை இது, வீட்டு மனைக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாம் ஆண்டு பங்குனியில் நொச்சியை இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் குருந்துக்கு வெயில் கிடைக்காது. பழைய தூர் இருந்த இடங்களில் மண் நாலு அங்குலம் வரை உள்வாங்கியிருக்கும். அங்கே நீர் தேங்கவிடாமல் செம்மண் நிரப்பி மட்டப்படுத்த வேண்டும். எட்டுத் தூரில் சம்ப் பக்கத்தில் இருக்கும் ஒன்று மட்டும் இன்னும் முழுதாகப் படவில்லை. மதில் பக்கத்து மடிப்பில் மாதத்துக்கு ஒரு துளிர் வருகிறது. அதன் மேல் மட்டும் கருப்புத் தாள் இன்னும் இருக்கிறது.